ஒரு சம்பளம், இரண்டு வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போது திருநெல்வேலி வட்டார ஜவுளிக்கடைகள் விளம்பரப் படப்பிடிப்புக்கு எங்களைப் போன்ற புகைப்படக் கலைஞர்களை அழைப்பதுண்டு. புகைப்படத்துக்கு மட்டும் சம்பளம் பேசிவிட்டு, படப்பிடிப்பு நாளன்று "அப்படியே ரீல்ஸுக்கும் கொஞ்சம் வீடியோ எடுத்துருங்க" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

கேமரா ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. ஃபிளாஷ் வெளிச்சம் சேலையின் சரிகையை இமைப்பொழுதில் பிடித்துக் கொடுத்துவிடும். வீடியோவுக்கு அது உதவாது. அணையாமல் எரியும் எல்.இ.டி. விளக்குகளை நிறுத்தி, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி என்று வைத்து, பாபநாசம் படித்துறையின் உச்சி வெயிலாயிருந்தால் லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரையும் மாட்டி, கொசுவம் கலையாமல் மாடலை மறுபடியும் நடக்கவிட வேண்டியிருக்கிறது. எடிட்டிங் வேறு தனி.

உரிமை விஷயம் இதைவிடச் சிக்கலானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் புகைப்படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். எடுத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் மட்டும் 57ஆம் பிரிவு கலைஞருக்கு விட்டுவைத்திருக்கிறது. எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே முடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை படம், எத்தனை நிமிட வீடியோ, எங்கெங்கே எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பவற்றைக் குறிக்கும் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் தயாரித்து, புகைப்படக் கலைஞர் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் வரும் பண்டிகைக் காலத்துக்கு முன்பே நடைமுறைப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
விளம்பரப் புகைப்படக் கலைஞர்,
பாளையங்கோட்டை.