சொல்லிவிட்டுப் போங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் தன்னம்பிக்கை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேடைப் பேச்சு, கோடை முகாம், ஆளுமைப் பயிற்சி என்று யோசனைகள் நிறைய. ஆனால், எங்கள் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளின் நிலைமையே வேறு. அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலையில், பிள்ளை பாட்டியிடம்.

பண்டிகைக்கு வந்த பெற்றோர், பிள்ளை அழுமே என்று விடியற்காலையில் அது தூங்கும்போதே பஸ் ஏறிவிடுகிறார்கள். எழுந்த பிள்ளை கட்டிலுக்கு அடியில்கூடத் தேடுகிறது. பிறகு பாட்டி கொல்லைப்பக்கம் போனாலும் முந்தானையை விடுவதில்லை. அதற்கு 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டம் வேறு! சொல்லிவிட்டுப் போனால் அழத்தான் செய்யும். அழட்டுமே. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னவர்கள் பொங்கலுக்கு வந்து நின்றால், அடுத்த முறை பிள்ளை கையசைத்து வழியனுப்பும்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வறுமை, குடும்பச் சண்டை எனப் பல இடர்களில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார். அப்படி வந்தவர்களுக்குச் சிறு வயதில் ஒட்டிக்கொள்ள நிலையான ஒரு பெரியவர் இருந்தார். பாட்டி, தாத்தாவாக இருந்தாலும் போதுமானதாக இருந்தது. வீட்டு வேலையில் அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது.

எங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளர் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார். மதியம் தட்டு வைக்கும் வேலையை நாலு வயதுப் பெண்ணிடம் கொடுத்திருந்தார். ஒரு நாள் அவள் கைநழுவி ஐந்தாறு தட்டுகள் சிதறின. எல்லோரும் திரும்பிப் பார்க்க, "எடுத்துக் கழுவி வை கண்ணு" என்றதோடு சரி. மறுநாளும் அவளிடமே அந்த வேலை. எந்த முகாமில் இதைக் கற்றுத் தருவார்கள்?

அவருக்கு இப்போது பக்கத்து ஊர் மையமும் கூடுதல் பொறுப்பு. எந்த நாள் இங்கே, எந்த நாள் அங்கே என்பது அவருக்கே காலையில்தான் தெரிகிறது. பெற்றோர் ஊரில் இல்லாத பிள்ளைகள் வாசலிலேயே நின்று, "டீச்சர் இன்றைக்கு வருவார்களா?" என்று கேட்கின்றன. காலிப் பணியிடத்தை மாவட்ட நிர்வாகம் விரைந்து நிரப்ப வேண்டும். அதுவரை, எங்கள் மையத்துக்கு அவர் வரும் கிழமைகளையாவது மாற்றாமல் வைத்தால், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம்.

– வாசகர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.