சுவிஸ் சமஷ்டிப் பேரவைக்கு: கோப்புகளைத் திறந்துவிடுங்கள்

மதிப்புக்குரிய சமஷ்டிப் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்நாட்டின் அரசாங்கமாகிய நீங்கள் பேர்ண் நகரில் யூத இனப்படுகொலை நினைவிடம் அமைக்க 25 லட்சம் பிராங் ஒதுக்கியிருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் 2023 ஏப்ரலில் நீங்கள் அதற்கு ஒப்புதல் கொடுத்த அதே மாதம்தான், கிரெடிட் சுவிஸ் வங்கி தன்னிடமிருந்த நாஜிக் கணக்குகள் பற்றிய விசாரணையின் எல்லையைக் குறுக்கியது, மேற்பார்வையாளரையும் நீக்கியது என்று அமெரிக்க செனட் குழு குற்றஞ்சாட்டியது. 2025 ஜனவரியில் அந்த வங்கியின் கோப்புகளில் நாஜிகளோடு தொடர்புடையோரைக் குறிக்கும் ‘அமெரிக்கக் கறுப்புப் பட்டியல்’ என்று முத்திரை குத்திய வாடிக்கையாளர் அட்டைகள் இருப்பது தெரியவந்தது. போர் முடிந்து எண்பது வருடமாகிறது. இன்னும் என்னென்ன கிடக்கிறதோ?

வங்கியை வாங்கிய யூபிஎஸ், நீக்கப்பட்டவரைத் திரும்ப அழைத்தது உண்மைதான். ஆனால் ஒரு வங்கிக்கு நல்ல மனம் வரும்வரையா வரலாறு காத்திருப்பது? வங்கிகளிலும் கம்பனிகளிலும் உள்ள போர்க்கால ஆவணங்களை வாரிசுகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் சட்டம் போட்டுத் திறந்துவிடுங்கள். இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. போர்க்காலத்தில் சுவிஸ் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்த பெர்ஜியே ஆணைக்குழுவுக்காக 1996 டிசம்பரில் நாடாளுமன்றம் வங்கி இரகசியத்தையே விலக்கி வைத்தது. பிறகு 2001இல், ஆணைக்குழு எடுத்த பிரதிகளை அந்தந்தக் கம்பனிகள் கேட்டால் அவற்றிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னீர்கள். திறந்த கதவைத் திரும்பச் சாத்தியது நீங்கள்தான்.

கோப்பு வங்கியின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெண்ணின் கதை போதும். போர்க்காலத்தில் பிரான்ஸின் முகாம் ஒன்றில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தகப்பன், பணம் போட்டு வைத்த வங்கிகளின் பெயர்களை மகளிடம் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார். அவரை மஜ்டனெக் என்ற நாஜிக் கொலைமுகாமில் கொன்றார்கள். போர் முடிந்ததும் மகள் ஜெனீவாவில் இருந்த வங்கிக்கு வந்தாள். தகப்பனின் பெயர் போட்ட கோப்பு மேசையில் இருந்தது. ‘மரணச் சான்றிதழ் எங்கே?’ என்று கேட்டார்கள். 1996இல் அமெரிக்க செனட் முன் அவர் சாட்சி சொன்னபிறகு, 1998இல்தான் வங்கி இறங்கி வந்தது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். மஜ்டனெக்கில் மரணப் பதிவாளர் எந்த யன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்று அந்த வங்கி உத்தியோகத்தர் சொல்லியிருந்தால் அவள் போய் வாங்கி வந்திருப்பாள்.

போரின்போது ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்பாங்கிடமிருந்து உங்கள் தேசிய வங்கி ஏறத்தாழ 120 கோடி பிராங்குக்குத் தங்கம் வாங்கியதே, அந்தக் கட்டிகளுக்கு இவ்வளவு சான்றிதழ் கேட்கப்படவில்லை.

எங்கள் ஊரில் காணாமற்போன பிள்ளைக்கு மரணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள் என்று தாய்மாருக்குச் சொன்னார்கள். இங்கே அதே காகிதம் இல்லையென்று மகளைத் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் ஈழத்திலிருந்து வந்து சுவிஸ் பிரஜையான நான் இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

‘எல்லாம் தேடியாயிற்று’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1995இல் வங்கிகள் தாங்களே தேடி, உரிமை கோரப்படாத கணக்குகள் 775 என்று 1996இல் சொன்னன. போல் வோல்கர் தலைமையிலான வெளிக்குழு தேடி 1999இல் அறிக்கை கொடுத்தபோது, நாஜிகளால் பாதிக்கப்பட்டோருடையதாக இருக்கக்கூடியவை ஏறத்தாழ 54,000. வெளியாள் தேடினால் எண்ணிக்கை எப்படியோ வளர்ந்துவிடுகிறது, பாருங்கள்.

அப்புறம், இந்த நாட்டில் சரியானதைச் செய்தவர்களின் கதியையும் பார்க்கிறோம். அகதிகளை உள்ளே விட நுழைவுத் தேதியை முன்தேதியிட்ட சங்க்ட் காலன் பொலிஸ் தளபதி பவுல் க்ரூனிங்கரை 1939இல் அந்த மாநில அரசு பதவி நீக்கியது. அவர் 1972இல் வறுமையில் இறந்தார். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று சொன்னது 1995இல். துண்டாக்கும் இயந்திரத்துக்குப் போகவிருந்த வங்கிப் பதிவேடுகளை 1997இல் காப்பாற்றிய காவலாளி கிறிஸ்டோஃப் மைலி மீது விசாரணை தொடங்கினார்கள். அவர் அமெரிக்காவுக்கே போகவேண்டியதாயிற்று. சிலை வைப்பதற்கு மட்டும் நாம் பிந்துவதில்லை.

மன்னிக்கவும், சற்றுக் கோபம் வந்துவிட்டது. போருக்கு முன் சுவிஸின் உடன்பாட்டோடு ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் அவர்களை யூதரென்று காட்டும் ‘ஜே’ முத்திரை குத்தப்பட்டதற்கு 1995 மே 7இல் உங்கள் தலைவர் கஸ்பார் விலிகர் மன்னிப்புக் கேட்டார். அந்தத் துணிவு உங்களுக்கும் உண்டு என்று நம்பித்தான் எழுதுகிறேன். நினைவிடத்தைக் கட்டுங்கள். அதோடு, ஆவணங்களைத் திறக்கும் சட்ட வரைவையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்புங்கள். எப்போது அனுப்புவீர்கள் என்பதை எழுத்தில் தெரியப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சூரிச் மாநிலத்திலிருந்து ஒரு தமிழ்ச் சுவிஸ் பிரஜை