கரையில் நின்று தூண்டில் போடுவோருக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தங்கள் நாளிதழின் வானிலைச் செய்தியில் மூன்று எச்சரிக்கைகள் தவறாமல் இடம்பெறுகின்றன. மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்பது ஒன்று. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. மாவட்டத்துக்கு மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா என்பது மூன்றாவது. முதலாவது படகுக்காரருக்கு உரியது; 1 முதல் 11 வரையுள்ள கூண்டுகள் கப்பல்களுக்கு உரியவை; நிறங்களோ, பெய்யப்போகும் மழையின் அளவைப் பற்றியவை. கரையோரக் கற்களின் மேல் நின்று கடலுக்குள் தூண்டில் வீசுகிறவர் இம்மூன்றில் எதிலும் வருவதில்லை. புதுச்சேரி தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் விடுமுறை நாட்களில் அவ்வாறு நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியக் கூடிவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

மழை நாளில் கடற்கரையில் என்ன வேலை என்று வீட்டில் கேட்பது நியாயந்தான். ஆனால் தூண்டில்காரர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையுமே பருவம். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பெய்த மழை சங்கராபரணி ஆற்றில் இறங்கி, அதன் வழியிலுள்ள வீடூர் அணையும் திறக்கப்பட்டுவிட்டால், அரியாங்குப்பம் ஆற்றின் வழியாக முகத்துவாரத்துக்கு வரும் நீர் செந்நிறமாகிவிடும். கழிமுகத்தில் வளர்ந்த இறாலும் சிறு மீன்களும் அந்த நீரோடு அடித்துவரப்பட, கலங்கல் நீர் முடிந்து கடல் நீர் தொடங்கும் விளிம்பில் கொடுவா மீன் காத்திருக்கும். இரை தேடி மீன் கரைக்கு வரும் அந்த நாட்களில்தான் மனிதர்களும் கரையின் கடைசிக் கல் வரை போகிறார்கள் என்பதை அதிகாரிகள் முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற கார்த்திகையில், வீராம்பட்டினத்து மீனவர் குடும்பத்தில் பிறந்து இப்போது அலுவலக வேலையில் இருக்கும் நண்பர் ஒருவருடன் அங்கே சென்றிருந்தேன். விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது, வாடைக்காற்று முகத்தில் அடித்தது. தூண்டில் கோலில் நரம்பைக் கோத்து முடிப்பதற்குள்ளேயே கற்களின் மேல் ஏறிவிடுவது என் வழக்கம். நண்பர் விடவில்லை. உலர்ந்த மணலில் நின்று கால் மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறு அலைகள் பல வந்த பின் பெரிய அலைகள் சில தொடர்ந்து வரும் என்பதால், அந்தப் பெரியவை எந்தக் கல் வரை ஏறுகின்றன, எந்தக் கல்லின் மேற்பரப்பு இன்னும் நனையாமல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நிற்கும் இடத்தைச் சொன்னார். தூறல் பெய்யும் நாளில் எல்லாக் கற்களும் நனைந்திருக்குமே என்று கேட்டேன். மழை நனைத்த கல்லில் நுரையும் புதிய பாசித் துணுக்குகளும் இருக்காது என்பது அவருடைய பதில். நனைந்த பாசியின் மேல் ரப்பர் செருப்பு நிற்காது, கல்லில் ஒட்டி வளரும் கூரிய ஓடுள்ள கொட்டலசு வெறுங்காலைக் கிழித்துவிடும், ஆகவே பழைய ஷூவைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். இவற்றில் எதுவும் எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பலகையே அங்கு இல்லை.

நீரோட்டம் தெற்கு நோக்கி வலுவாக இழுத்ததால் நரம்பில் கட்டும் வழக்கமான ஈயக் குண்டு கடல் தரையில் நிற்கவில்லை; கனமானதை மாற்றினோம். முதலில் கெளிறு மட்டுமே ஏறியது. அதன் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு என்பதால் தூண்டில் முள்ளைக் கழற்றுவதே பெரும்பாடு. பிறகு கிழங்கான் சில கிடைத்தன. கலங்கல் விளிம்பு எங்கள் வீச்சுக்குள் வந்து, உயிர் இறாலைக் கோத்துக் கொடுவாவுக்குத் தயாரான வேளையில் தென்கிழக்கே இடி கேட்டது. நண்பர் ஒரு சொல்லும் பேசாமல் நரம்பைச் சுற்றி, கோலைப் படுக்கையாகக் கீழே வைத்துவிட்டு, கார் நின்ற இடத்துக்கு நடந்தார். எனக்கு மனம் வரவில்லை என்றாலும் பின்தொடர்ந்தேன்.

இப்போது கடைகளில் கிடைக்கும் கோல்களில் பெரும்பாலானவை கார்பன் இழை கலந்தவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். சுற்றிலும் உயரமான பொருள் எதுவும் இல்லாத கடலோரத்தில், ஈரக் கற்களின் மேல் நின்று, மூன்று மீட்டருக்கும் மேல் நீளமான கோலை வானத்தை நோக்கிப் பிடித்திருப்பவர் இடிதாங்கியைக் கையில் ஏந்தியவரே. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் எனத் தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டக்கூடிய தூரத்தில்தான் நிற்கிறோம். மேற்கூரை உலோகத்தாலான காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அமர்வது பாதுகாப்பானது. மரத்தடியும் கீற்றுக் கொட்டகையும் அல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. நாங்கள் காருக்குள் காத்திருந்த நேரம் முழுவதும், கற்களின் நுனியில் கோல்களை நிமிர்த்திப் பிடித்தபடி பலர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவே. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்ற செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் நிகழ்வதைக் கைபேசியிலேயே காட்டும் என்பதை எத்தனை தூண்டில்காரர்கள் அறிவார்கள்?

மழையை மட்டும் வைத்துக் கடலை அளப்பதில் மற்றொரு ஆபத்தும் உண்டு. தெற்கே வெகுதொலைவில் பெருங்கடலில் எழும் புயல்களால் உருவாகும் நெடிய அலைகள், நம் கரையில் காற்றும் மழையும் இல்லாத நாளில்கூட வந்து ஏறும். கள்ளக்கடல் என்பது அதுதான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகித்தான் இருந்தது. எச்சரிக்கை இருப்பதும், அது கரையில் நிற்பவரின் காதில் விழுவதும் வெவ்வேறு. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், ஒரு மீட்டர் அலையில் பாதுகாப்பாக இருந்த கல் இரண்டு மீட்டர் அலையில் பாதுகாப்பானதன்று. முகத்துவாரத்திலோ வெள்ள நீர் வெளியே பாய, அலை எதிர்த்து வர, இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். மணல் கரையும் காலடியிலேயே சரியும்.

இதைப் படித்துவிட்டு, பருவமழைக் காலம் முழுவதும் கரையில் தூண்டில் போடத் தடை விதித்துவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறேன். தடை விதிப்பது நிர்வாகத்துக்கு எளிது. என்னைப் போல் பொழுதுபோக்குக்கு வருபவர் வேறு வேலை பார்த்துக்கொள்வார். பாட்டிலில் சுற்றிய நரம்புடன் அன்றைய குழம்புக்கு மீன் பிடிக்க வரும் குப்பத்து முதியவரைத்தான் காவலர் விரட்டுவார். அது வேண்டாம்.

வேண்டுவன மிகச் சில. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரத்தையும் நெடிய அலைகளையும் பற்றிய முன்னறிவிப்பை நாள்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. தங்கள் நாளிதழின் வானிலைக் கட்டத்தில் சூரிய உதயத்துக்கு அருகில் அதற்கும், கடல் ஏற்ற இறக்க நேரங்களுக்கும் இரண்டு வரி ஒதுக்க வேண்டுகிறேன். மீன்வளத் துறை, முகத்துவாரத்தின் இருபுறக் கற்சுவர்களின் தொடக்கத்தில் தமிழில் ஒரு பலகையும், கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்றும் வைக்கலாம். பலகையில் என்ன எழுதுவது என்பதை வீராம்பட்டினத்தில் கேட்டால் ஒரு மாலைக்குள் சொல்லிவிடுவார்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் இது நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.