பெயிண்டுக்கு முன் வைப்பரைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய கார்களின் படங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் பெயிண்டும் குரோமும்தான் கண்ணில் படுகின்றன. அந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனரையும் அப்பா ஆசை ஆசையாய் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் பீட்டலையும் பிள்ளைகள் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து மறுபடி ஓட வைக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. பினாங்கில் கார் வயர்மேனாகவே, அதாவது கார்களின் மின்வேலை பார்த்தே, காலம் கழித்தவன் நான். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். பெயிண்ட் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் வைப்பரைப் பாருங்கள். அது ஓடவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றி எறிய யாரையும் விடாதீர்கள்.

அண்மையில் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி வந்தார். தாத்தாவின் மோரிஸ் மைனர் 1000. ஒரு பட்டறையில் மொத்தக் காரையும் உரித்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கார் திரும்பி வந்த நாளிலிருந்து வைப்பர் ஊர்ந்தது. சுவிட்சை அணைத்தால் கண்ணாடியின் நடுவிலேயே நின்றது. "அங்கிள், மோட்டார் செத்துப்போச்சாம். ஜப்பான் காடி மோட்டாரைப் போடணும், தகட்டைக் கொஞ்சம் வெட்டணும்னு சொல்றாங்க" என்றார். வெட்டுவதற்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்த மோட்டார் சாகவில்லை. அது லூகாஸ் கம்பெனியின் டி.ஆர்.3.ஏ. வகை மோட்டார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இருந்தது. இதன் வயரிங் இன்றைய கார்களைப் போல இருக்காது. சாவியைத் திருப்பியதுமே மோட்டாருக்கு மின்சாரம் வந்து காத்திருக்கும். டாஷ்போர்டு சுவிட்ச் செய்வதெல்லாம் எர்த்தை, அதாவது மின்சாரம் காரின் தகடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழியை, கொடுப்பது மட்டும்தான். நாம் சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டாரின் கியர்பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு தொடுபுள்ளி எர்த்தைப் பிடித்துக்கொண்டு, பிளேடு கண்ணாடியின் ஓரத்துக்கு வந்ததும் விட்டுவிடும். ஆக ஓடுவதற்கும் எர்த் வேண்டும், ஓரத்தில் போய் நிற்பதற்கும் எர்த் வேண்டும். பெயிண்ட் அடித்தவர்கள் எர்த் வயர் திருகு ஏறும் இரண்டு இடங்களையும் சேர்த்து அழகாக அடித்துவிட்டார்கள். பெயிண்டுக்கு மேல் திருகை முடுக்கினால் மின்சாரம் எங்கே போகும்?

உப்புத்தாளால் அந்த இரண்டு இடங்களையும் தேய்த்து, தகட்டின் வெள்ளை தெரிந்ததும் வயரை மாட்டிக் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். வைப்பர் ஓடியது, ஓரத்தில் போய் நின்றது. வெட்டும் வேலை ரத்தானது. இதே கதை வேறு கார்களிலும் நடந்திருக்கிறது. அதனால்தான் பெயிண்டை முதலில் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு வயரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் முனையிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் பிடித்துப் பாருங்கள். வேகம் கூடினால் குற்றம் மோட்டாரில் இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மோரிஸ் மைனர் போன்ற கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். புது ரேடியோ பூட்ட வேண்டும் என்று அதை நெகட்டிவுக்கு மாற்றுகிறார்கள். டி.ஆர்.3.ஏ. மோட்டாருக்கு அதனால் கெடுதல் இல்லை, அதற்குள் காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச் சுருள்தான் இருக்கிறது. நிரந்தரக் காந்தம் வைத்த பிந்திய மோட்டார்கள் அப்படியல்ல, முனையை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும். எந்த மோட்டார் என்று பார்க்காமல் முனையை மாற்றக் கூடாது.

எர்த் சரியான பிறகும் வேகம் போதவில்லை என்றால் அடுத்தது கிரீஸ். மோட்டாரிலிருந்து பற்கள் சுற்றிய ஒரு கேபிள் குழாய்க்குள் முன்னும் பின்னும் இழுபடுகிறது. அது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு சிறு பல்சக்கரங்களைத் திருப்ப, அவைதான் வைப்பர் கைகளை ஆட்டுகின்றன. அந்தக் குழாயில் கம்பெனியில் போட்ட கிரீஸ், அரை நூற்றாண்டுக்குப் பிறகு மெழுகாக இறுகிக் கிடக்கும். நம் ஊர் வெயிலில் போனட் சூடும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, குழாயையும் துடைத்து, புதுக் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். நிறைய அப்பினால் மறுபடி இறுக்கம்தான். வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டுக் கேபிளை மட்டும் இழுத்தால் 6 ராத்தலுக்கு (பவுண்டுக்கு) மேல் இழுவிசை தேவைப்படக் கூடாது என்பது பழைய பட்டறைக் கையேடுகளின் கணக்கு. கொக்கி வைத்த வில் தராசு ஒன்று இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான் பழகிய இளம் போமன்களில் (மெக்கானிக்குகளில்) இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு, அது அவர்கள் குற்றமும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

பல்சக்கரம் தேய்ந்து வைப்பர் கை லொடலொடவென்று ஆடினால் உடனே புதிது தேடி அலைய வேண்டாம். அந்தச் சக்கரம் ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரு பக்கத்துப் பற்கள் மட்டுமே வேலை செய்கின்றன. கழற்றி அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து உதிரிபாகம் கப்பலில் வரும்வரை எங்களைக் காப்பாற்றிய வேலை இது. வைப்பர் நிற்கும் இடம் கொஞ்சம் மேலே கீழே இருந்தால் மோட்டாரின் மூடியில் திருகைத் தளர்த்திக் குமிழ் போன்ற பகுதியைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

பிளேடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஸ்டெயின்லெஸ் பிளேடைத் தூக்கி எறியாதீர்கள், கொக்கி போல் வளைந்த கைக்கென்று செய்த புதுப் பிளேடு பழைய கையில் ஏறாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரப்பரை மட்டும் தனியாக வாங்கி அளவுக்கு வெட்டிச் செருகலாம். கண்ணாடியில் தடதடவென்று தத்தினால் பெரும்பாலும் கண்ணாடியில் படிந்த மெழுகுதான் காரணம். கார் கழுவும் இடத்தில் டயருக்கு அடிக்கும் பளபளப்பு மருந்து கண்ணாடியிலும் தெறித்திருக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்துவிட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள், துணி சுற்றிய குறட்டால் பிளேடு கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்கும்படி மெதுவாகத் திருப்ப வேண்டும்.

பழைய ஃபோர்டு பிரிஃபெக்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் காரில் வைப்பர் மின்சாரத்தில் ஓடுவதில்லை, என்ஜின் உறிஞ்சும் காற்றில் ஓடுகிறது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைப்பாதையில் ஏறும்போது எண்ணெய் மிதியை அழுத்தினால் உறிஞ்சு குறையும், வைப்பர் நின்றுவிடும். காலை எடுத்தால் பறக்கும். மழையில் மலையேறும்போது நடுநடுவே காலைத் தளர்த்தி ஓட்டுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். அது பழுதில்லை. ஆனால் சமதரையில் என்ஜின் சும்மா ஓடும்போதே வைப்பர் சோர்ந்தால் ரப்பர் குழாயைப் பாருங்கள், வெடித்திருக்கும். அதே வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து என்ஜினும் நடுங்கும். கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், காரணம் வைப்பர் குழாயில் இருக்கும். மீன் தொட்டிக் குழாயைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும்.

பீட்டலில் கண்ணாடி கழுவும் தண்ணீரை ஸ்பேர் டயரின் காற்றுதான் தள்ளுகிறது. ஸ்பேர் டயரில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காற்று அடைக்க வேண்டும். அளவு இறங்கினால் வால்வு மூடிக்கொள்ளும், டயர் முழுக்க வற்றாது. அதைக் கழற்றிவிட்டு மின்பம்பு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது. குழாயும் வால்வு ரப்பரும் மாற்றினால் முடிகிற வேலை. மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில் எந்தக் காரில் இருந்தாலும் உடனே மூடி போடுங்கள். நின்றுகொண்டே இருக்கும் காரில் அது ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடம்.

வைப்பருக்கு இவ்வளவு ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் கொட்டும் மழை நமக்குத் தெரியும், 2017 நவம்பர் வெள்ளத்தில் பட்டதும் மறக்கவில்லை. முன்பெல்லாம் மழையில் வைப்பர் நின்றால் ஃபெரியில் காரை ஏற்றிவிட்டு அக்கரை போய்ச் சேர்வதற்குள் பார்த்துக்கொள்ளலாம். 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரி கார்களை ஏற்றுவதில்லை, பாலம்தான் வழி. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 24 கிலோமீட்டர். நடுவில் லாரிகளுக்கு இடையே கண்ணாடி மறைந்தால் ஒதுங்குவது எளிதல்ல. அதுவும் இரவில், நெரிசலில் ஊர்ந்துகொண்டு, விளக்கும் வைப்பரும் சேர்ந்து ஓடும்போது பழைய டைனமோ அந்த வேகத்தில் கொடுக்கும் மின்சாரம் போதாது, பேட்டரி இறங்க இறங்க வைப்பரும் சோரும். எர்த்தும் கிரீஸும் சரியாக இருந்தால்தான் அந்தக் கொஞ்ச மின்சாரத்திலும் அது ஓடும். காரில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீபாவளிக்கு பட்டர்வொர்த் போகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தகட்டை வெட்டுவதற்கு முன் எர்த்தை ஒருமுறை சோதியுங்கள். வெட்டிய தகடு பழையபடி வராது. கழற்றிய லூகாஸ் மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடாமல் காரின் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இந்த வேலை தெரிந்த நம் வயர்மேன்கள், போமன்கள் பலருக்கு வயதாகிவிட்டது. பலர் எழுதிப் பழகியவர்கள் இல்லை, ஆனால் உட்கார்ந்து கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். ஞாயிறு மலரில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி, நிருபர் ஒருவரை அனுப்பி, ஆளுக்கொரு காராக அவர்களிடம் கேட்டுப் போடுங்கள். கார்புரேட்டர் ஒருவர் சொல்லட்டும், டைனமோ ஒருவர் சொல்லட்டும். வைப்பருக்கு நான் வருகிறேன். கழற்றிக் காட்ட ஒரு டி.ஆர்.3.ஏ. மோட்டாரும் பல்சக்கரமும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார் வயர்மேன்,
ஜெலுத்தோங், பினாங்கு.