என்கோடரை மாற்றுமுன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கோவைப் பட்டறைகளில் சி.என்.சி. (கணினி இயக்கும்) லேத்தில் அளவு தவறினால், மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் என்கோடர் மீதுதான் முதல் பழி விழுகிறது. புதிது மாட்டிய பிறகும் அளவு நகர்ந்தால், கேபிளில் ஏறும் மின் இரைச்சலைத் தேட வேண்டும். (சுழற்சியை மின் துடிப்புகளாக, அதாவது பல்ஸ்களாக, அனுப்பும் வகை என்கோடரைச் சொல்கிறேன்.)

முதலில் மெக்கானிக்கல் கோளாறைப் பிரித்துவிடுங்கள். மோட்டார் ஷாஃப்டிலும் பாடியிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, டயல் கேஜ் வைத்து, ஆக்சிஸை 100 முறை போய்வர விடுங்கள். திரையில் பூஜ்யம் காட்டும்போது கோடு பொருந்தி, டயல் மட்டும் நகர்ந்திருந்தால் மோட்டாரை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங் நழுவுகிறது. கோடே விலகியிருந்தால் பல்ஸ் தொலைகிறது. ஹோம் (ஆக்சிஸின் தொடக்க இடம்) சரியாக ஒரு பிட்ச் அளவு (ஸ்க்ரூ ஒரு சுற்றில் நகர்த்தும் தூரம்) மாறினால் அது இரைச்சல் அல்ல. ஹோம் சுவிட்ச், சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் பல்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது, அரைச் சுற்று தள்ளி வையுங்கள்.

அதே ஓட்டத்தை ஸ்பிண்டில் டிரைவை (வேலைப்பொருளைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தரும் கருவியை) அணைத்துச் செய்யுங்கள். பிழை மறைந்தால் ஊற்று அந்த டிரைவ்தான். மோட்டார் கேபிளிலிருந்து என்கோடர் கேபிளை 20 செ.மீ. தள்ளுங்கள், குறுக்கிட்டே ஆகவேண்டுமானால் செங்குத்தாக.

கேபிளுக்குள் கம்பிகளை ஜோடி சேர்ப்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஏ சிக்னலும் அதன் தலைகீழ் வடிவான ஏ-பாரும் ஒரே முறுக்கில் போக வேண்டும். அப்போதுதான் இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சல் ரிசீவரில் கழிந்துபோகும். நிறம் பார்த்து ஏ-யை இன்னொரு சிக்னலான பி-யோடு ஒரே முறுக்கில் சேர்த்தால் மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும், பல்ஸ் மட்டும் தொலையும். ஷீல்டை (கேபிளின் உலோக வலை உறையை) வாலாகத் திரித்து ஸ்க்ரூவில் கட்டுவதும் வீண்: டிரைவின் அதிவேக இரைச்சலுக்கு அந்த நீண்ட வால் பெரிய தடை. பெயிண்ட் சுரண்டிய பேனல் தகட்டில் ஷீல்டைச் சுற்றிலும் பற்றும் கிளாம்ப் போடுங்கள்.

என்கோடருக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையை என்கோடர் முனையில் அளந்து பாருங்கள். 0.14 ச.மி.மீ. கம்பியில் 20 மீட்டர் போய்வர சுமார் 5 ஓம். 150 மில்லி ஆம்பியர் இழுத்தால் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். பல என்கோடர்கள் 4.75-க்குக் கீழே தாங்காது. சப்ளைக்குத் தடித்த கம்பி கொடுங்கள்.

கூலன்ட் சோலனாய்டு (குளிர்திரவ வால்வை இயக்கும் காயில்) அணையும்போது மட்டும் பிழை வந்தால் காயிலுக்குக் குறுக்கே, டி.சி.யானால் டயோடு, ஏ.சி.யானால் ஆர்.சி. ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) போடுங்கள். ஏ.சி. காயிலில் டயோடு போட்டால் ஷார்ட் ஆகும்.

இவ்வளவும் முடிந்தபின், கழற்றிப்போட்ட பழைய என்கோடரையே மாட்டி அதே 100 ஓட்டத்தைப் பாருங்கள்.

– இயந்திரப் பராமரிப்பாளர், கோவை