அந்த முடிவை மாணவர்கள் தலையில் கட்டாதீர்கள்

கல்லூரி அணிகளுக்கான சதுரங்கப் போட்டிகளை நடத்துபவர்களுக்கும் தலைமை நடுவர்களுக்கும்,

வணக்கம். கல்லூரி அணியின் கேப்டனாக இருந்தவன் நான். ஒரு கடைசிச் சுற்றில், எதிரணியின் இரண்டாம் போர்டு (அணி வரிசையில் இரண்டாவது பலகை) ஆட்டக்காரர் வரவில்லை. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். தாமத வரம்பு, அதாவது அதற்குள் வராவிட்டால் தோல்வி என்ற நேரம், முடியப் போகிறது. நடுவர் நேராக என்னிடம் வந்து, "காத்திருக்க உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

எனக்கு அப்போது 19 வயது. சரி என்றேன். அவர் வந்தார், மிச்சமிருந்த நேரத்தில் ஆடி ஜெயித்தார். நாங்கள் ஒரு புள்ளியில் தோற்றோம். ஊர் திரும்பும் வரை என் அணியில் யாரும் என்னிடம் பேசவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு கேப்டனிடம் இதே கேள்வி போனது. அவன் முடியாது என்றான். எல்லோரும் அவனைக் கல்நெஞ்சன் என்றார்கள். விதிப்படி பார்த்தால், இரண்டு முறையும் எங்களைக் கேட்டதே தப்பு.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 6.7 தெளிவாகத்தான் இருக்கிறது: தாமத வரம்பைத் தாண்டி வருபவர் தோற்றவர், நடுவர் வேறு முடிவு எடுத்தாலொழிய. எதிரணி கேப்டன் என்ற பேச்சே அதில் இல்லை. கைப்பேசி விதியும் அப்படித்தான். வைத்திருந்தால் தோல்வி, ஆனால் போட்டி அமைப்பாளர்கள் அதைவிடக் குறைந்த தண்டனையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்த 'முன்கூட்டியே'தான் முக்கியம். 2024 உலக ரேபிட் (விரைவுச் சதுரங்க) போட்டியில், முன்னாள் உலகச் சாம்பியன் கார்ல்சன் ஜீன்ஸ் அணிந்து வந்ததற்கு அபராதம், ஒரு சுற்றில் ஆடவும் விடவில்லை; அவர் போட்டியிலிருந்தே விலகினார். சில நாளில் பிளிட்ஸ் (அதைவிட வேகமான ஆட்டம்) போட்டியில் ஜீன்ஸுக்கு அனுமதி. உடை விதி எனக்கும் அவ்வளவு பிடிக்காது. ஆனால் தளர்வு போட்டிக்கு நடுவில், அதுவும் ஒரு நட்சத்திரத்துக்காக வந்தால், பெயர் தெரியாத ஆட்டக்காரன் என்ன நினைப்பான்?

எல்லாவற்றுக்கும் விலக்கு கேட்கவில்லை. போர்டு வரிசையை, அதாவது யார் எந்தப் பலகையில் ஆடுவது என்பதை, மாற்ற எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். அந்தச் சலுகைக்கு விலை கொடுப்பது எதிரணி. தாமதம் வேறு. வராதவரின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, இழப்பு அவருக்குத்தான். அங்கே தாராளமாக இருக்கலாம்.

இன்னொன்று. சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும் சென்சாரை ஒட்டிக்கொண்டு ஆடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைப்பேசி நடுவர் மேசையில் இருக்கட்டும், எச்சரிக்கை ஒலித்தால் நடுவர் பார்த்துச் சொல்லட்டும். ஏற்பாட்டை முதல் சுற்றுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எதிரணி கேட்டால் "நடுவர் அனுமதி உண்டு" என்பதே போதும். என்ன நோய் என்று அரங்கத்துக்கே சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த போட்டி அறிவிப்பிலேயே மருத்துவ அவசரம், குடும்பத்தில் மரணம், உடல் சார்ந்த தேவை ஆகியவற்றுக்கு யாரிடம், எப்போது கேட்பது என்று நாலு வரி சேருங்கள். கொடுத்த விலக்கையும் மறுத்ததையும் காரணத்தோடு குறித்து வையுங்கள், அடுத்த நடுவர் பார்க்க. அப்புறம், கேப்டனிடம் வரும்போது முடிவோடு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கேப்டன்