உலக வரலாற்றுப் பாடவேளைகள் தொடர்பாக

மதிப்புக்குரிய வரலாற்று ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பிக்கும்போது 1789 ஜூலை 14 அன்று பாரிஸில் பஸ்தில் சிறை வீழ்ந்ததிலிருந்து தொடங்காமல், எமது யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டை, 1795 செப்டெம்பரில் பிரித்தானியர் வசமானது. அவ்வாண்டின் தொடக்கத்தில் புரட்சிப் பிரான்சின் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்ற நெதர்லாந்து ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம், ஒல்லாந்தரின் குடியேற்றங்களில் பிரித்தானியப் படைகளை அனுமதிக்குமாறு லண்டன் பகுதியிலுள்ள கியூவிலிருந்து எழுதிய கடிதங்களையே பிரித்தானியர் அதற்கு ஆதாரமாகக் காட்டினர். கோட்டையை அடுத்துள்ள பண்ணைப் பாலத்தால் தினமும் போகும் பிள்ளைக்கு, பாரிஸ் நிகழ்வு தன் ஊர்வரை வந்த கதை இது. (ஆண்டுகளை மட்டும் மனனம் செய்விக்கும் எமது பழக்கம் பிள்ளைகளைக் களைப்படையச் செய்கிறது என்பது என் எண்ணம்.)

கைத்தொழிற் புரட்சிக்கும் உலகப் போர்களுக்கும் இத்தகைய உள்ளூர்த் தொடக்கங்கள் தேவைப்படுகின்றன. உங்களிடமுள்ளவற்றை, உலகப் படத்தில் காட்டவேண்டிய இடங்களுடன், சனிக்கிழமை மாலைக்குள் இக்குழுவில் பகிர்ந்தால், பாடவேளைகளைப் பிரிப்பது இலகுவாகும்.